ஏணியை எடுத்தவன்

"சார், ஏணியைக் காணோம்," என்றாள் மாலதி.

தையல் மிஷினின் அடியில் குனிந்திருந்த நாகூர் மீரான் நிமிரவில்லை. "நல்லாப் பாரும்மா. மழைக்கு ஓரமாச் சாய்ச்சு வச்சிருப்பாங்க."

"ஓரமாத்தான் இருக்கு. எதிர்ச் சுவர்ல. அந்த வசூல்காரன் இசக்கிதுரை பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துண்டு டீ குடிக்கறான். நம்மளைப் பார்த்து கையும் ஆட்டறான்."

மும்பையில், தாராவியின் அந்தச் சந்தில் மேல்மாடிகளுக்குப் படிக்கட்டு கிடையாது. சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்பு ஏணியில் ஏறி, வாசல் என்று சொல்லப்படும் சதுர ஓட்டைக்குள் முதலில் தலையை நுழைத்து, பிறகு உடம்பை இழுத்துக்கொள்ள வேண்டும். ஏணி போய்விட்டால் வாசல் வெறும் ஜன்னல்தான். கீழே இரண்டு ஆள் உயரத்துக்கு வழுக்குச் சுவர். சுவரின் காலடியில், வெட்டிக் குவித்த எண்ணெய் டின்களின் கூர்மையான விளிம்புகள். மீரானுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய இடது முழங்கால் அவரைவிட மூத்தது.

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அறைக்குள் நான்கு பேர். மீரான், மாட்டுங்காவில் ஓர் இட்லிக் கடைக்கு மேலே சின்ன அலுவலகம் வைத்திருப்பவர். வேலைக்கு வருகிற ஆள் தன்னைப் பற்றிச் சொன்னதெல்லாம் உண்மையா என்று நிறுவனங்களுக்குத் துப்பறிந்து சொல்வது அவர் தொழில். மாலதி, அவருடைய ஒரே உதவியாளர். அந்த அறைக்குச் சொந்தக்காரி சுலைகா, தோல் பை தைப்பவள். நான்காவது ஆள் மூலையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றிருந்தான். அவன் கிருஷ்ணா. இவர்கள் துப்பறிய வந்ததே அவனைப் பற்றித்தான்.

செம்பூரைத் தாண்டி, சுற்றிலும் வேலி போட்ட மத்திய அரசு நிலையம் ஒன்று இருக்கிறது. அதற்குள் டெக்னீஷியன்களை அனுப்பும் ஒப்பந்த நிறுவனம் கிருஷ்ணாவைத் தேர்ந்தெடுத்திருந்தது. வேலிக்குள் போக அனுமதி வேண்டும். அனுமதிக்கான விண்ணப்பத்தில், கட்டாத கடன் ஏதாவது உண்டா என்ற இடத்தில் அவன் 'இல்லை' என்று எழுதியிருந்தான். நேற்று மாட்டுங்கா அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. மாலதிதான் எடுத்தாள். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு பேசிய ஓர் ஆண் குரல். "கிருஷ்ணான்னு ஒரு பையன் பேர்ல மிஷினுக்கு எடுத்த கடன் கட்டாம நிக்கி. விசாரிங்க." அவ்வளவுதான்.

விசாரித்தார்கள். கடன் இருந்தது; ஒரு வருஷமாகத் தவணை வராத தனிநபர் கடன். மீரானின் அறிக்கை இன்று மாலைக்குள் செம்பூரில் அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

"கடனைத் தேடாதேம்மா. கடன்ல வாங்குன சாமானைத் தேடு," என்றார் மீரான்.

கிருஷ்ணாவின் வீட்டில் மிஷின் எதுவும் இல்லை. "மிக்சியே பக்கத்து வீட்டுது சார்," என்றாள் மாலதி. ஆனால் அவன் வாரம் தவறாமல் ஒரு மாடிக்கு ஏறி, யாருக்கோ மிஷினுக்கு எண்ணெய் போடுகிறான் என்று தெருவில் சொன்னார்கள். அந்தத் தகவலைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்தான் இப்போது அதே மாடியில் அகப்பட்டிருந்தார்கள்.

வரும் வழியில் ஒரு காரியம் நடந்தது. சந்தின் வாயில் அப்பளம் காயப்போட்டிருந்த கூடைகள்மேல் சட்டென்று தூறல் விழுந்தது. பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கடைசி இரண்டு கூடைகளுக்குக் கை போதவில்லை. மீரான் தன் குடையை அவற்றின்மேல் பிடித்துக்கொண்டு, அவர்கள் திரும்பி வரும்வரை நனைந்தபடி நின்றார்.

"அப்பளத்துக்கு ஜலதோஷம் வராது சார். உங்களுக்கு வரும்," என்றாள் மாலதி அப்போது.

இப்போது அவள் வாசல் ஓட்டையில் தலையை நீட்டினாள். "ஏய் மிஸ்டர், ஏணியைக் கொண்டா. சாருக்கு செம்பூர் போகணும்."

கீழிருந்து இசக்கிதுரை மரியாதையாகவே பேசினான். ஒரு பைனான்ஸ் கம்பெனிக்குத் தவணை வசூலிப்பவன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் புதுத் தோல் பை. "பாய், ஒண்ணும் நினைச்சுக்கிடாதீங்க. நாம எல்லாம் ஒரே ஊர்ப் பக்கம். கிருஷ்ணாவுக்குக் கடன் எதுவும் இல்லன்னு ஒரு மெயிலைத் தட்டி விட்டுருங்க. மறு நிமிஷம் ஏணி வரும்."

"அனுப்பலைன்னா?"

"மழை நேரம். மேலயே பத்திரமா இருங்க."

மாலதி போனை எடுத்தாள். "சார், போலீஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிடும்மா," என்று கீழிருந்தே சொன்னான் அவன். "வந்து பேரெல்லாம் எழுதுவான். வேலிக்கு உள்ள போறதுக்கு நிக்கிற பையன் பேரு தாராவி ஸ்டேஷன்ல ஏறட்டும். எனக்கென்ன?"

கிருஷ்ணா மூலையிலிருந்து முன்னால் வந்தான். "வேண்டாம் மேடம். பிளீஸ்."

மாலதி போனை இறக்கினாள். அறை திடீரென்று இன்னும் சின்னதாகத் தெரிந்தது. தோலின் நெடி, எண்ணெய் நெடி, நான்கு பேரின் மூச்சு. சுலைகா எழுந்து, மூலையிலிருந்த ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

"இப்பப் போயா அக்கா?" என்றான் கிருஷ்ணா.

"வந்தவுக தொண்டை நனையாம இருக்காக. ஏணி இல்லன்னா டீயும் இல்லையா?" என்றாள் அவள்.

மீரான் ஒரு தோல் கட்டின்மேல் உட்கார்ந்தார். "தம்பி, இந்த மிஷின் உன் கடன்ல வாங்குனதுதானே?"

"என் பேர்ல வாங்குனது. கடன் அக்காவோடது."

"பேரு குடுத்தே."

"ஆமா சார்."

தாராவியில் இது புதிதல்ல. ஒருவருக்கு உழைக்கத் தெரியும். சம்பளச் சீட்டு இருக்காது. இன்னொருவரிடம் காகிதமெல்லாம் சுத்தமாக இருக்கும். காகிதம் உள்ளவர் இல்லாதவருக்குப் பெயர் கொடுப்பார். பிரிட்ஜ், ஸ்கூட்டர், மிஷின் என்று இப்படித்தான் பல வீடுகளுக்குள் வந்திருக்கின்றன. கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதுபோல அதை அன்றே மறந்துவிடுவார்.

"கஸம் ஸே, சத்தியமா சார், அது என் கடன்னே நான் நினைக்கல," என்றான் கிருஷ்ணா. "ஃபார்ம்ல 'இல்ல'ன்னு எழுதினப்போ மனசறிஞ்சு பொய் எழுதல."

"நம்புறேன்," என்றார் மீரான். "சுலைகா, நீ தவணை கட்டலையா?"

அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "கட்டாமயா? மாசாமாசம் கீழ நிக்கிற அவுக கையிலதான் குடுக்கேன் அண்ணே."

"ரசீது?"

"ஊர்க்காரவுககிட்ட எப்படி ரசீது கேக்க? கேட்டா சந்தேகப்பட்ட மாதிரி ஆயிராதா? பெருநாளைக்கு அவுகளுக்கு ஒரு பையும் தச்சுக் குடுத்தேன்."

மாலதி வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "நல்ல பை. வாட்டர்ப்ரூஃப் போல இருக்கு. மனுஷன் நனையறான், பை நனையலை."

"வாங்கல, தரலன்னு சொல்லிருவாக," என்றாள் சுலைகா. "யாரு என்னை நம்புவா?"

"மிஷின் நம்புது," என்றார் மீரான். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். "ஒரு வருஷமாத் தவணை வரலைன்னு கம்பெனி கணக்கு சொல்லுது. ரெண்டு மாசம் தவறினாலே வசூல்காரங்க என்ன பண்ணுவாங்க?"

"சாமானைத் தூக்கிண்டு போயிடுவா," என்றாள் மாலதி. "எங்க மாமா டிவியை, மேட்ச் நடக்கறச்சயே தூக்கினா. கடைசி ஓவர்."

"இது இங்கயே இருக்கு. எண்ணெய் போட்டுப் பளபளன்னு ஓடுது. ஒரு வருஷம் காசே வராம மிஷினை விட்டு வைக்கிற வசூல்காரன் ஒண்ணு மகானா இருக்கணும். இல்லைன்னா அவனுக்குக் காசு வந்துக்கிட்டே இருக்கணும்."

மாலதி மறுபடி எட்டிப் பார்த்தாள். "மகான் பீடி பத்த வைக்கறார் சார்."

மீரான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவளிடம் ஏதோ மெல்லச் சொன்னார். அவள் போனைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு வாசல் ஓரம் நின்றாள். மழை சற்று விட்டிருந்தது. எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில் அப்பளப் பெண்கள் மறுபடி கூடைகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

"துரை," என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார் மீரான். "உங்க கம்பெனி கணக்குல சுலைகா மிஷினுக்கு ஒரு வருஷமாத் தவணையே வரலைன்னு இருக்கு. நான் அப்படியே எழுதட்டுமா? எழுதினா நாளைக்கே வேற வசூல்காரன் வந்து மிஷினைத் தூக்குவானே?"

இசக்கிதுரை ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். வேறு ஆள் வந்தால், சுலைகா வாய் திறப்பாள். அந்தப் பயம் அவன் நாக்கை முந்தியது.

"எவன் வருவான்? என் ஏரியால எவன் வந்து தொடுவான்? அந்த அக்கா மாசம் பிறந்தா முத ஆளா என் கையில பணத்தை வச்சிரும். ஒரு மாசம் தவறினது கிடையாது, தெரியுமா?"

தாழ்வாரத்தில் கூடைகள் பரப்பிய கைகள் நின்றன. கூட்டத்தில் மூத்தவளான கோமதியம்மாள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். மாலதி துப்பட்டாவிலிருந்து போனை எடுத்து வீடியோவை நிறுத்தினாள்.

"சார், நீங்க ஒரு பொய்கூடச் சொல்லலை," என்றாள் அதிசயமாக.

"கேள்விதானேம்மா கேட்டேன்."

இசக்கிதுரைக்குத் தான் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது. மரியாதை உதிர்ந்துவிட்டது. "வீடியோ எடுத்தியா? எடுத்துக்கோ. என் வேலை போகும், வேற வேலை தேடிக்கிடுவேன். கிருஷ்ணா, உள்ளதானல இருக்க? போன வாரம் ஆபீஸ்ல கூப்பிட்டு, ஃபார்ம்ல திருத்த எதுவும் உண்டான்னு கேட்டாவல்ல? அப்போ என்னல சொன்ன? அதை நான் சொல்லட்டா, நீ சொல்லுதியா?"

அவன் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டான். டின் குவியலில் இடித்துக்கொண்டு, சந்தின் திருப்பத்தில் மறைந்தான்.

கிருஷ்ணா சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"என்ன சொன்னே?" என்றார் மீரான்.

"'இல்ல'ன்னு." அவன் தரையைப் பார்த்தே பேசினான். "அதுக்கு மொத நாள்தான் துரை அண்ணாச்சி வந்து, உன் பேர்ல கடன் நிக்கி, ஃபார்ம்ல மறைச்சிட்ட, கவலைப்படாத, நான் வெளிய விட மாட்டேன்னு சொன்னாரு. அப்புறம் மெதுவா, உள்ள போனதும் ஒரு சின்ன ஹெல்ப் பண்ணு, செம்புக் கழிவு லாரி எந்த கேட்ல எப்போ வெளிய போகுதுன்னு ஒரு போன் மட்டும் போடுன்னாரு. அடுத்த நாள் ஆபீஸ்ல கேட்டாங்க. பயந்துட்டேன். ரெண்டாவது தடவையும் 'இல்ல'ன்னுட்டேன். அண்ணாச்சி கேட்டப்போ அதையும் சொல்லிட்டேன்."

சுலைகா ஸ்டவ்வை அணைத்து, டீயை டம்ளர்களில் ஊற்றினாள்.

"முதல் 'இல்லை' தெரியாம எழுதினது," என்றார் மீரான். "ரெண்டாவது பொய்."

"ஆமா சார்."

"கடன் இருக்கிறவனை வேலிக்குள்ள விடக்கூடாதுன்னு யாரும் சொல்லலை தம்பி. கடன் ஏன் வந்துச்சு, அதுக்கு என்ன செஞ்சே, கேட்டப்போ சொன்னியா, இதைத்தான் பார்ப்பாங்க. மறைச்ச கடன் கழுத்துல கிடக்கிற கயிறு மாதிரி. அது யார் கையில இருக்கோ அவன் இழுத்த பக்கம் போகணும். இன்னைக்கு லாரி. அடுத்தது என்னன்னு துரைக்கே தெரியாது."

"அவனுக்கு அதனாலதான் க்ளீன் ரிப்போர்ட் வேணும்," என்றாள் மாலதி. "கயித்தோட ஆளை உள்ள அனுப்பணும். சார், ஒண்ணுதான் இடிக்கறது. அப்போ நமக்குப் போன் பண்ணிக் காட்டிக் கொடுத்தது யார்?"

மீரான் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "போன்ல என்ன கடன்னு சொன்னாங்க?"

"மிஷினுக்கு எடுத்த கடன்."

"நம்ம கையில இருக்கிற கணக்குல மிஷின்னு எங்கயாவது இருக்கா?"

மாலதி யோசித்தாள். "இல்லை. தனிநபர் கடன்னுதான் போட்டிருக்கு."

"அப்போ மிஷின் கதை தெரிஞ்சவங்க மூணே பேர். சுலைகா. ஆனா பேசினது ஆண் குரல். துரை. ஆனா அவன் இதை மூடி மறைக்கத்தான் ஏணியைத் தூக்கிட்டு ஓடுறான்." மீரான் டம்ளரைக் கீழே வைத்தார். "கைக்குட்டை இன்னும் சட்டைப் பையில இருக்கா தம்பி?"

மாலதி சட்டென்று கிருஷ்ணா பக்கம் திரும்பினாள்.

கிருஷ்ணா அழுதுவிட்டான். "நேர்ல போய்ச் சொல்ல தைரியம் வரல சார். யாராவது கண்டுபிடிச்சிட்டா நல்லாயிருக்கும்னு தோணிச்சு. வேலை போனாலும் பரவாயில்ல, லாரிக்குப் போன் போட வேண்டாம்ல. ஆனா போனை வச்சதும், ஐயோ, கண்டுபிடிக்கக் கூடாதேன்னு அதுக்கும் பயந்தேன்."

சுலைகா அவன் அருகில் வந்து உட்கார்ந்தாள். "எனக்குப் பேரு குடுத்துட்டு நீ இப்படிக் கிடந்து சாகுதியே. என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா மிஷினைத் திருப்பிக் குடுத்துருவீங்க அக்கா."

அவள் கொடுத்துத்தான் இருப்பாள்.

மீரான் அவன் தோளில் கை வைத்தார். "நான் எழுதற ரிப்போர்ட்ல எல்லாம் இருக்கும். துரையும் இருப்பான், சுலைகா கட்டினதும் இருக்கும், உன் ரெண்டாவது 'இல்லை'யும் இருக்கும். அதை நான் மறைச்சா நானும் ஒரு கயித்தை மாட்டிக்கிட்டவன் ஆயிடுவேன். ஆனா நான் எழுதறதுக்கு முன்னாடி நீயே அவங்க முன்னால போய் நின்னு சொல்லலாம். வேலை கிடைக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. அல்லாஹ் அறிவான். நாம போய்ச் சேர்ற வரைக்கும் ஆபீஸ் திறந்திருக்கணும், அவ்வளவுதான்."

"அதுக்கு முன்னாடி இறங்கணும்," என்றாள் மாலதி. "பறக்கற வித்தை தெரிஞ்சவா யாராவது உண்டா?"

அப்போது வாசல் ஓட்டையின் விளிம்பில் இரண்டு மூங்கில் முனைகள் வந்து முட்டின.

கீழே கோமதியம்மாள் நின்றிருந்தாள். இரண்டு பெண்கள் ஏணியின் அடியை அழுத்திப் பிடித்திருந்தார்கள். கூரைமேல் அப்பளம் காயப்போட ஏறும் ஏணி அது.

"நடுவுல ஒரு படி கிடையாது, காலைப் பார்த்து வைங்க," என்றாள் கோமதியம்மாள். "எங்க அப்பளத்துக்குக் குடை பிடிச்சுட்டு நீங்க நனைஞ்சுகிட்டு நின்னீங்கள்லா. அந்தப் பய ஏணியைத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்துகிட்டு இருப்பமா? அவன் இப்பச் சொன்னதையும் காது குளிரக் கேட்டோம். எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதோம்."

மாலதி மீரானைப் பார்த்தாள். "அப்பளத்தைப் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் சார்."

"பிஸ்மில்லாஹ்," என்று சொல்லி மீரான் முதல் படியில் காலை வைத்தார்.

தாராவியை அடுத்த சயானிலிருந்து செம்பூர் போகும் பஸ் கூட்டத்தில் கிருஷ்ணா ஜன்னலோரம் நின்றான். இரண்டு நிறுத்தங்களில் இறங்கிவிடலாமா என்று கதவையே பார்த்தான். மீரான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். மூன்றாவது நிறுத்தத்தில் ஓர் இடம் காலியானது. கிருஷ்ணா உட்காரவில்லை. மீரானை உட்காரச் சொன்னான்.

ஒப்பந்த நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி கீதா, பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். மீரானைப் பார்த்ததும் மறுபடி உட்கார்ந்தார். "ரிப்போர்ட்டா?"

"அதுக்கு முன்னாடி இந்தத் தம்பி பேசணுமாம்," என்று மீரான் சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

கிருஷ்ணா பேசினான். தடுமாறினான், திரும்ப ஆரம்பித்தான். பெயர் கொடுத்ததைச் சொன்னான். முதல் 'இல்லை'யைச் சொன்னான். இரண்டாவது 'இல்லை' வந்ததும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு அதையும் சொன்னான். லாரியைப் பற்றியும் சொன்னான்.

கீதா கேட்டு முடித்ததும் அவன் கோப்பை எடுத்துத் திறந்தார். "கடனைச் சரி பண்ணிடலாம். பைனான்ஸ் கம்பெனியில புகார் கொடுக்கணும், அந்த வீடியோ உதவும். ஆனா நீ என் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்யை என்னால அழிக்க முடியாது. அது உன் கோப்பில இருக்கும்."

"சரி மேடம்."

"நீ இன்னிக்கு நீயா வந்து சொன்னதும் அதே கோப்பில இருக்கும். ரெண்டையும் பார்த்துத்தான் மேல முடிவு பண்ணுவாங்க. அதுவரைக்கும் உன் வேலையை நிறுத்தி வைக்கிறேன். எவ்வளவு நாள் ஆகும்னு தெரியாது. அனுமதி வராமலும் போகலாம்."

கிருஷ்ணா தலையசைத்தான். மாலதி கூரையைப் பார்த்து, "செம்பூர் முருகா," என்று முணுமுணுத்தாள்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். திரையில் இசக்கிதுரையின் பெயர். இத்தனை நாளும் அந்தப் பெயர் வந்தாலே எழுந்து வெளியே ஓடி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, வாயைப் பொத்திப் பேசியவன் அவன். இப்போதும் கால்கள் பழக்கத்தில் கதவுப் பக்கம் ஓர் அடி நகர்ந்தன.

பிறகு நின்றான். திரும்பி வந்தான். போனைக் கீதாவின் மேஜை நடுவில் வைத்து, ஸ்பீக்கரைத் தட்டினான்.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றான். "எல்லாரும் கேட்டுகிட்டு இருக்காங்க."